ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையோடு இன்னொரு தாளும் போகட்டும்

வேலூர் மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் 28 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அதனால்தான் அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்: ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி, டி.சி.யோடு ஆறாம் வகுப்புக்கு அனுப்ப வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் போய், "யாருக்கு நல்லா ஓட வரும்?" என்று கேளுங்கள். அத்தனை கையும் மேலே போகும். நான்காம் வகுப்பில் கேட்டால் நாலைந்து கைதான். மற்றவர்கள் திரும்பி அந்த நாலு பேரைப் பார்ப்பார்கள். ஏழெட்டு வயதில்தான் பிள்ளைக்குத் தன்னைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடத் தெரிய வருகிறது. அதுவும் வளர்ச்சிதான். குட்டை டம்ளர் தண்ணீரை ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றிக் காட்டினால், ஐந்து வயதுப் பிள்ளை "இதுலதான் நிறைய" என்னும். எட்டு வயதுப் பிள்ளை "அதே தண்ணிதானே டீச்சர்" என்னும். பியாஜே என்ற உளவியலாளர் செய்த சோதனை அது. என் வகுப்பிலும் பலமுறை செய்திருக்கிறேன். உயரம், அகலம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பிறகு, "அவளுக்கு வருது, எனக்கு வரல" என்பதும் பிள்ளை கண்ணில் படத்தான் செய்யும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளைக்குள் நடக்கும் போராட்டத்தை எரிக்சன் என்ற உளவியலாளர் இப்படிச் சொன்னார்: 'என்னால் ஒரு வேலையைச் செய்து முடிக்க முடியும்' என்ற நம்பிக்கை ஒரு பக்கம், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற தாழ்வு மறுபக்கம். சரியாக அந்த வயதில்தான் நாம் கடைசி பெஞ்சு என்று பிரிக்கிறோம், 'மக்கு' என்று பெயர் வைக்கிறோம்.

என்னிடம் ஒரு பெண் படித்தாள். அம்மா பீடி சுற்றுபவர். "ஆயிரத்துக்கு நாப்பது கட்டு டீச்சர், நேத்து ரெண்டு கட்டு கொறஞ்சிடுச்சு" என்பாள். கட்டுக்கு 25 பீடி. அதே பெண், கரும்பலகையில் ஆயிரத்தை 25ஆல் வகுக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்பாள். இரண்டும் ஒரே கணக்கு என்று எனக்கு உறைக்கவே பாதி ஆண்டு ஆனது. (பிள்ளைகள் பீடி வேலை செய்யலாம் என்று நான் சொல்லவில்லை, வீட்டில் பார்த்துப் பார்த்து அவள் கற்றது அது.) அப்புறம் 'கட்டு' என்ற சொல்லை வைத்தே வகுத்தல் சொல்லிக்கொடுத்தேன். பங்குனிக்குள் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்.

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. முதல் தேர்வில் மார்க் குறைந்தது, கடைசி பெஞ்சுக்குப் போனாள். எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டாள் என்று அவள் அம்மா சந்தையில் சொன்னார். அவளுக்கு என்ன வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லியிருக்க வேண்டியவள் நான். டி.சி. மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 205 பிள்ளைகளை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிறு வயதில் முரண்டும் அடங்காமையும் இருந்த பிள்ளைகளுக்கு வளரிளம் பருவத்தில் படிப்பு சரிந்தது. படிப்பு சரிந்தவர்களுக்குப் பெரியவர்களான பின் மனவாட்டம் கூடியது. ஒரு குறை அந்த இடத்திலேயே நிற்பதில்லை, அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அதனால் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் எழுத ஏற்பாடு செய்யுங்கள். மார்க் வேண்டாம். என்ன செய்ய வரும், எந்த வழியில் சொன்னால் புரியும், யாரோடு சேர்ந்தால் வாய் திறக்கும், இது போதும். வகுப்பு ஆசிரியரும் அம்மாவோ அப்பாவோ சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். டி.சி.யோடு அது ஆறாம் வகுப்பு ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வாங்கும் பள்ளியின் குழு, முதல் பருவத் தேர்வுக்கு முன்பே அதை ஆசிரியர்கள் படித்தார்களா என்று கேட்க வேண்டும்.

ஏப்ரல் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். எழுத ஆள் போதவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியானாலும் நான் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை