கற்கண்டு வளர்த்தது சரி, அது எந்தப் பாறை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிப் படம் வந்திருந்தது. கண்ணாடி டம்ளரில் நூல் தொங்கவிட்டுப் பிள்ளைகள் வளர்த்த கற்கண்டு, கீழே 'பாறைகள் உருவாகும் விதத்தை விளக்கும் மாணவர்கள்' என்று ஒரு வரி. பிள்ளைகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பாறை? நான் கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன், இரண்டு வருடமாகச் சீனியோடு மல்லுக்கட்டியவன் என்பதால் இதைக் கேட்கிறேன்.

முதல் வருடம் நானும் அதே தப்பைத்தான் செய்தேன். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று டம்ளர் சீனி போட்டுக் கொதிக்க வைத்துக் கரைத்து, நூலை நனைத்துச் சீனியில் புரட்டிக் காயவைத்துத் தொங்கவிட்டோம். 100 கிராம் தண்ணீர் கொதிக்கிற சூட்டில் 480 கிராமுக்கு மேல் சீனியைக் கரைத்துக்கொள்ளும், ஆறினால் 200 கிராம் சுமாருக்குத்தான் தாங்கும், தாங்காத மிச்சம் மெல்ல மெல்ல நூலில் போய் உட்காரும், அவ்வளவுதான் விஷயம். பத்துப் பன்னிரண்டு நாளில் நன்றாகவே வந்தது. எறும்பும் வந்தது. அப்புறம் பலகையில் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று எழுதி, பாறைக்குள் படிகம் இப்படித்தான் வளர்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "அப்போ கழுகுமலையும் ஒரு காலத்துல தண்ணியில கரைஞ்சு கிடந்துச்சா சார்?" என்றான். முழித்தேன்.

அவன் கேட்டதில் தப்பில்லை. தப்பு என் பாடத்தில். சீனி தண்ணீரில் கரைந்து படிகமாகிறது, ஆனால் கிரானைட் போன்ற தீப்பாறை பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு ஆறியதால் வந்தது. டம்ளரில் தொங்குகிற கற்கண்டுக்கு நேர் உறவு எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, தூத்துக்குடி உப்பளம். அங்கே வெயிலில் நீர் வற்றி உப்பு படிகமாகிறது, இங்கே பாகு ஆறிச் சீனி படிகமாகிறது, இரண்டுமே கரைசலிலிருந்து வருகிறவை. இதைச் சொல்லாமல் விட்டால் கற்கண்டைப் பார்த்த பிள்ளை பாறையைத் தப்பாகத்தான் புரிந்துகொள்ளும்.

அதற்காகச் சீனியை விட்டுவிட வேண்டியதில்லை. இந்த வருடம் ஒரே சீனியை மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். ஒரு பங்கு வழக்கம்போல நூலோடு ஆடாமல் அசையாமல் மூலையில். இன்னொரு பங்கை ஆற ஆறக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தோம், பொடிப்பொடியாக நுண்மணல் போல ஆனது. மூன்றாவதைத் தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்கப் போகும்வரை காய்ச்சி (இதை நான் மட்டும்தான் செய்தேன், அந்தப் பாகு கையில் பட்டால் தோல் உரிந்துவிடும்) நெய் தடவிய தட்டில் ஊற்றினேன். சட்டென்று இறுகிக் கண்ணாடி போல வந்தது, லென்ஸ் வைத்துத் தேடினாலும் ஒரு படிகம் கிடையாது. எரிமலைக் குழம்பு திடுதிப்பென்று ஆறினால் அப்சிடியன் என்ற கண்ணாடிப் பாறை வருவதும் இப்படித்தான். பசால்ட் என்ற எரிமலைப் பாறை கொஞ்சம் வேகமாக ஆறியதால் அதன் மணிகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கிரானைட் ஆழத்தில் மிக நிதானமாக ஆறியது, அதனால்தான் ஒவ்வொரு மணியும் தனியாகத் தெரிகிறது. கல் அறுக்கும் பட்டறையில் கழித்துப் போட்ட கிரானைட் துண்டுகளை வாங்கிவந்து கொடுத்தேன். பளபளவென்ற மைக்கா, கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ், இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் என்று அதிலுள்ள தாதுக்களை அவர்களே பிரித்துக் காட்டினார்கள். பெயர்தான் நான் சொன்னேன்.

அன்று என்னைவிட நன்றாகப் பாடம் எடுத்தவன் ஒருவன் உண்டு. அவன் தாத்தா பனங்கற்கண்டு போடுகிறவர். பதநீரைக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி வாரக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பார்களாம், இடையில் ஆட்டினால் "மணி சிறுத்துப்போகும்" என்று தாத்தா திட்டுவாராம். உடனே ஒரு பிள்ளை, குலாப் ஜாமூன் பாகு உறையாமல் இருக்க அம்மா எலுமிச்சை பிழிவார் என்றது. அன்றைக்கு மணி அடித்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

நிதானம் என்றால் எவ்வளவு நிதானம் என்று கேட்டதற்கு மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தைச் சொன்னேன். 2000-ல் அங்கே சுரங்கத் தொழிலாளிகள் ஒரு குகையைத் திறந்தபோது உள்ளே 11 மீட்டர் நீளத்துக்கு ஜிப்சம் படிகங்கள் தூண் தூணாகக் கிடந்தன. வெந்நீரில் கரைந்திருந்த சரக்கு, சூடு அதிகம் மாறாமல், லட்சக்கணக்கான வருடம் வளர்ந்தது. எங்கள் டம்ளர் கற்கண்டுக்கு நிஜமான பெரியப்பா அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். கண்காட்சி மேசைகளில் இருக்கிற கற்கண்டில் பாதி மளிகைக் கடையில் வாங்கியது. நாளைக்கு அதிகாரி வருகிறார், படிகம் இன்னும் வளரவில்லை என்றால் ஆசிரியர்கள்தான் என்ன செய்வார்கள்? இரண்டு வாரம் ஒரு டம்ளரை மூலையில் வைத்துக் காத்திருக்கப் பாட அட்டவணையில் இடமில்லை. வளராத டம்ளரையும் மேசையில் வைக்கலாம் என்று நடுவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் வளரவில்லை என்பதிலும் பாடம் இருக்கிறது. எங்களுடையதில் ஒன்று, சீனியைக் கஞ்சத்தனமாகப் போட்டதால் ஒரு மாதம் ஆகியும் வெறும் நூலாகவே தொங்கியது.

அடுத்த முறை அப்படி ஒரு படம் போட்டால், கீழே 'கரைசலில் படிகம் வளர்க்கும் மாணவர்கள்' என்று போட்டுவிடுங்கள். கழுகுமலைப் பையன் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறவன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்,
கோவில்பட்டி வட்டாரம்