கிரவுன் பினியன் பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் போடிப் பக்கம் ஜீப்புக்கும் பொலிரோவுக்கும் பின் ஆக்சிலின் ஹவுசிங்கை வீட்டு வாசலிலேயே பிரித்து கிரவுன் பினியன், அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பற்சக்கர ஜோடி, மாற்றுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருகிற வண்டிகள் இவை. ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு, பட்டறையில் விட்டால் எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது, அதனால் செல்போனில் வீடியோ பார்த்துத் தாங்களே இறங்கிவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. நானும் என் ஜீப்புக்கு வீட்டில்தான் செய்துகொள்கிறேன். ஆனால் இந்த வேலையைப் பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை. உங்கள் பத்திரிகையின் வாகனப் பகுதியிலும் புது வண்டி, மைலேஜ், விலை இதைத் தாண்டி ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் கழற்றி மாட்டுவது கால்வாசி வேலைதான், முக்கால்வாசி அளப்பதில் இருக்கிறது. வீடியோக்கள் கழற்றுவதை நன்றாகக் காட்டுகின்றன, அளக்கும் இடம் வந்ததும் பாட்டைப் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். அங்கேதான் புது கிரவுன் கெடுகிறது.

முதலில், பிரிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்து, காலை எடுத்ததும் மாறினால் கிரவுன் பினியனைச் சந்தேகிக்கலாம். வண்டி ஓடும்போதெல்லாம் ஒரே மாதிரி உறுமி, வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் பெரும்பாலும் சக்கர பேரிங்தான். கிளட்ச் விடும்போது டக்கென்று அடித்தால் கீழே படுத்து, கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் முனையில் இருக்கிற ஜாயின்ட் கிராஸை ஆட்டிப் பாருங்கள், கிராஸ் போனதற்கு கிரவுனை மாற்றிய வண்டிகள் இங்கே நிறைய உண்டு. ஆயிலை இறக்கும்போதும் கவனியுங்கள். பசை மாதிரி நைசான பொடி காந்தத்தில் ஒட்டுவது சாதாரணம், சில்லு சில்லாக இரும்பு வந்தால் பல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கியரில் போட்டுவிட்டேன், ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டேன், வண்டி நகராது என்று நம்பிக் கீழே போகிறார்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியருக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் பின் ஹேண்ட் பிரேக்கும் வண்டியைப் பிடிக்காது. பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக், சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கும், ஷாஃப்ட் கழன்றதும் அதுவும் போச்சு. ஆகவே சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, சேஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கீழே படுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், பாரம் ஒரு முனையில் உட்கார்ந்தால் அவை சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான்.

கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் பினியன் என்ற சின்னதும் ஒரு ஜோடி. தயாரிக்கும்போதே இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஓட்டித் தேய்த்து, ஒரே நம்பர் போட்டு அனுப்புகிறார்கள். பினியன் மட்டும் போச்சு, அதை மட்டும் வாங்கலாம் என்று புதுப்பேட்டையில் தேடி அலைபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் பழைய பற்களை எண்ணிக்கொள்ளுங்கள். கிரவுனில் 43, பினியனில் 8 என்றால், 43-ஐ 8-ஆல் வகுத்து, 5.38 ரேஷியோ, பழைய வில்லீஸ் ஜீப்பின் கணக்கு இது. 41-க்கு 10 என்றால் 4.10. நாலு வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாலு வீல் போட்டதும் ஒன்றை ஒன்று இழுத்து எதையாவது உடைத்துவிடும்.

கழற்றும்போது கிரவுன் பக்கத்து பேரிங்குகளைப் பிடித்திருக்கிற கேப் இரண்டிலும் இடது வலது என்று பஞ்ச் அடித்துக்கொள்ள வேண்டும், மாற்றிப் போடக்கூடாது. இடைவெளியைச் சரிசெய்யப் போடும் மெல்லிய தகடுகளான ஷிம்களை எந்த இடத்தில் எத்தனை என்று தனித்தனியாகக் கட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். பழைய பினியன் தலையிலும் புதியதன் தலையிலும் பிளஸ், மைனஸ் என்று ஒரு எண் பொறித்திருந்தால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துத்தான் ஷிம் போட வேண்டும். பினியன் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், பிரெஸ் இருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், அது ஒன்றும் அவமானம் கிடையாது. அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் வசதி அதிகம், கிரவுன் பினியன் உட்கார்ந்திருக்கிற டிஃபரன்ஷியலை முன்பக்கமாக முழுசாகக் கழற்றி எடுத்து நல்ல மெக்கானிக்கின் மேஜையிலேயே செட் பண்ணிக்கொண்டு வரலாம். ஜீப்பில் எல்லாமே வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துச் செய்கிற வேலை.

பினியன் பேரிங்கின் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசில் பார்க்கலாம். பினியன் முனையில் ஷாஃப்டைப் பூட்டுகிற ஃபிளேஞ்சில் கயிற்றைச் சுற்றி தராசால் இழுத்து, சீராகச் சுற்றும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து மேனுவலோடு ஒப்பிட வேண்டும். பினியன் பேரிங்குகளுக்கு நடுவே, நட்டை முறுக்க முறுக்க நசுங்கும் புஷ் உள்ள வண்டியில் நட்டை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால் திருப்பிக் கொஞ்சம் தளர்த்திச் சமாளிக்க முடியாது, புது புஷ்தான் போட வேண்டும். பேக்லாஷ், அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே விடுகிற இடைவெளி, பெரும்பாலான வண்டிகளுக்கு 0.13 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வரும், உங்கள் வண்டிக்கு மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. சாதாரண எழுதும் தாள் ஒன்றின் கனமே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்றால் இதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா? காலமெல்லாம் இதே வேலையாக இருந்த பழைய மெக்கானிக்குகளுக்கு அந்தக் கை உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். நமக்கு நுண்ணளவை முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் வேண்டும். கிரவுனைச் சுற்றி ஒரே இடத்தில் பார்த்து விட்டுவிடாமல் நாலு இடத்திலாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றி, எங்கே பதிகிறது என்று பார்ப்பது. பல்லின் முகட்டில் பதிந்தால் பினியன் கிரவுனை விட்டுத் தள்ளி நிற்கிறது, அடியில் பதிந்தால் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நடுவில் விழும்வரை ஷிம்மை மாற்றி மறுபடி மறுபடி பூட்ட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் மலை வண்டிக்காரர்கள் இங்கே இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஏறும்போது பல்லின் ஒரு பக்கம் பாரம் தாங்குகிறது. போடிமெட்டிலிருந்து இரண்டாம் கியரில் இன்ஜினைப் பிடிக்க விட்டு இறங்கும்போது மறுபக்கம் தாங்குகிறது. சமவெளி வண்டிக்கு அந்த மறுபக்கத்தில் பெரிதாக வேலையில்லை, எங்கள் வண்டிகளுக்குப் பாதி வாழ்க்கையே அதில்தான். ஏறுகிற பக்கத்துப் பதிவு நன்றாக இருக்கிறது என்று மூடிவிட்டால், இறக்கத்தில் ஊளையிட ஆரம்பித்துப் பல் நுனி உதிர்கிறது. இரண்டு பக்கமும் பார்த்த பிறகே மூடுங்கள்.

ஆயிலிலும் பொதுவாக 90 நம்பர் கியர் ஆயில் கொடுங்கள் என்று கடையில் கேட்கக்கூடாது. இப்போதைய பின் ஆக்சில்கள் பெரும்பாலும் ஹைபாய்ட் வகை, பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும், பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அதற்கு ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள், அங்கே இருக்கிற பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்குப் பல வண்டிகளில் ஜிஎல்-4 தான் சொல்லியிருப்பார்கள். ஆக்சில் மேலே காற்று வெளியேற இருக்கிற பிரீதர் துளை சேற்றால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி சீல் வழியாக ஆயில் பிரேக் டிரம்முக்கே போய்விடும். எல்லாம் மாட்டிய பிறகு முதலில் ஒரு கால் மணி நேரம் பாரமில்லாமல் மெதுவாக ஓட்டி, முழுக்க ஆற விட வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் ஆளும் மூட்டையும் ஏற்றாமல் ஓட்டி, பிறகு ஆயிலை மாற்றிவிட வேண்டும். மறுநாளே லோடு ஏற்றி மலை ஏறினால் புதுப் பல் வெந்துபோகும். தோட்ட சீசனில் இது கஷ்டம் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் சீசனுக்கு முன்பே செய்யச் சொல்கிறேன்.

சரி, இதையெல்லாம் ஏன் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், எனக்கு இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. நான் வாங்கிய கிரவுன் பினியன் பெட்டிகளில் எண்ணெய்த் தாளில் சுற்றிய பற்சக்கரங்கள் இருந்தன, அளவு பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு மாத்திரை அட்டையில் எவ்வளவோ எழுதியிருக்கிறது. பத்துப் பேர் உயிரை மலையில் சுமந்து போகிற சாமானுக்கு பேக்லாஷ் எவ்வளவு, பேரிங் இறுக்கம் எவ்வளவு, போல்ட்டை முறுக்க எவ்வளவு டார்க் (முறுக்கு விசை), எந்த ஆயில் என்று தமிழில் ஒரே ஒரு தாள் போட்டுக் கொடுக்க உதிரி பாகக் கம்பெனிகளால் முடியாதா? உங்கள் பத்திரிகை கேட்டால் காதில் விழும்.

இன்னொன்று அரசு ஐடிஐகளுக்கு. மோட்டார் மெக்கானிக் படிப்பு அங்கே இரண்டு வருடம் நடக்கிறது, டயல் கேஜ், டார்க் ரெஞ்ச், மைக்ரோமீட்டர் வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியாட்களுக்கும், சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டே கற்றுக் கொடுக்கலாம், கருவிகளை முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்கும் தரலாம். தேனி மாவட்டத்தில் இதைத் தொடங்கினால் முதல் ஆளாக என் ஜீப்பின் பழைய டிஃபரன்ஷியலைப் பழகுவதற்குக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜீப் உரிமையாளர்,
போடிநாயக்கனூர்.