பதினொரு பேருக்கு ஒரு பாடக்குறிப்பு

ஒட்டுசுட்டான்.

அன்புள்ள வதனி,

பதில் எழுதாமல் இருந்ததற்கு நீ என்னை ஏசியிருப்பாய். இன்னும் கொஞ்சம் ஏசிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் நோவு வழமைபோலத்தான்.

ஆசிரியப் பயிற்சியின் கட்டுறு பயில்வுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிள்ளை எங்கள் பாடசாலைக்கு வந்திருக்கிறாள். அவளுடைய கணிதப் பாடக்குறிப்புகளைப் பார்த்துக் கையொப்பமிடும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. (சிரிக்காதே.) கொப்பியைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, ஒவ்வொரு படிக்கும் நிமிடக்கணக்கு என்று சிவப்புப்பேனா ரீச்சரே குறை சொல்ல முடியாத ஒழுங்கு. வாட்சப் குழுவில் வந்ததைப் பார்த்து எழுதினாளாம், மறைக்கவும் இல்லை. 2007ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்தோடு வந்த, பாடம் நடத்தும் அந்த ஐந்து படிகளை மனப்பாடம் செய்துதானே நாமும் சித்தியடைந்தோம், அவளை எந்த முகத்தோடு கண்டிப்பது?

பாடம் பரப்பளவு. குறிப்பின்படி 40 நிமிடத்துக்குள் ஆறு குழுக்கள் வகுப்பறையை அளந்து, அட்டவணை நிரப்பி, முன்னால் வந்து விளக்க வேண்டும். காலபோக அறுவடை நடப்பதால் நெல் காயவைக்கவும் சின்னதுகளைப் பார்க்கவும் பிள்ளைகளை வீட்டில் மறித்துவிடுகிறார்கள்; அன்று வந்தது பதினொரு பேர். அவர்களில் இருவருக்கு வாய்ப்பாடு தெரியாது, ஒருவனுக்கு வினாவையே வாசிக்க வராது. ஆனால் தகப்பனின் குத்தகை வயலுக்கு எத்தனை மூடை பசளை வேண்டுமென்று ஏக்கர்க் கணக்கில் வாயாலேயே சொல்பவனும் அவன்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ, நிலத்தை அளக்கும் 'பரப்பு'க் கணக்குத்தான் பழக்கம், புத்தகமோ ஹெக்டேயரில் கேட்கிறது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் ஒரு ஹெக்டேயர் என்று நான் கரும்பலகையில் எழுதியபோது முதலில் தலையாட்டியவனும் அவனே.

முன்னறிவு என்ற கட்டத்துக்குள் 'மாணவர் பெருக்கலை அறிந்திருப்பர்' என்று அவள் எழுதியிருந்தாள். என்னை உறுத்துவது அந்த ஒரு வரிதான், வதனி. அதை நம்பித்தான் கீழேயுள்ள ஐந்து படிகளும் நிற்கின்றன. ஆனால் அது உண்மையா என்று பார்க்க, குறிப்பு எழுதுமுன் பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்ட வேண்டும். விஞ்ஞானத்துக்கு ஆளில்லாமல் அதையும் சுமந்துகொண்டு, ஓய்வுப் பாடவேளையில்கூட வராத ஆசிரியருக்குப் பதிலாக மாற்றுவகுப்புக்கு ஓடுகிறவர்களுக்கு அதற்கு நேரம் எங்கே? மேற்பார்வைக்கு வருபவர்களும் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். அந்தப் பையன் என்ன செய்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இனி ஒரே பாடத்துக்கு மூன்று மட்டத்தில் வேலை எழுதும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்து படிகள் சுருங்கினாலும் பரவாயில்லை, கையொப்பம் இடுவது நான்தானே. நீ தரம் பிரித்துத் தயாரித்த பெருக்கல் பயிற்சித்தாள்கள் இன்னும் இருக்குமானால் உடனே வேண்டும். தபாலை நம்பாதே, நெடுங்கேணிக்கு வரும் உன் மச்சாளிடம் கொடுத்துவிடு. விடைத்தாளையும் சேர்த்து அனுப்பு. போனமுறை போல வினா மட்டும் வந்தால் நான் உன்னை ஏசுவேன்.

அன்புடன்,
சுகி