அப்பா பதினைந்து வரை எண்ணி முடிக்கட்டும்

வங்கிக் கவுன்ட்டர்களில் வேலை பார்க்கும் எல்லோருக்கும், வணக்கம்.

போன மாதம் அப்பாவைப் பணம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எந்த வங்கி என்பது வேண்டாம், வேறு எங்கே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. "எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்கள். அப்பா இடது கை விரலை மடக்கி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தார். எட்டைத் தாண்டுவதற்குள் கவுன்ட்டரில் இருந்தவர் என் பக்கம் திரும்பி, "பெரியவருக்கு மனநிலை சரியில்லையா?" என்றார். அப்பா நிறுத்திவிட்டார். அவர் போக வேண்டியிருந்தது பதினைந்துக்கு. 15,000 ரூபாய்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மூளையின் இடது பக்கம். பெரும்பாலானவர்களுக்கு மொழி இருப்பது அங்கேதான், வலது கை காலை ஆட்டுவிப்பதும் அதே பக்கம், அதனால்தான் பேச்சும் வலது கையும் பல பேருக்குச் சேர்ந்தே போய்விடுகின்றன. அஃபேசியா என்பார்கள். காது கேட்கும், நாக்கு அசையும், என்ன சொல்ல வந்தோம் என்பதும் தெரியும், அந்தச் சொல் மட்டும் அகப்படாது. 'தண்ணி' கேட்க நினைத்து 'சாவி' என்பார், உடனே தப்பு என்று புரிந்து தலையில் அடித்துக்கொள்வார். வேகமாக, நீளமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது, அதுவும் உண்மைதான். ஆனால் வரிசையாக வாய்க்குப் பழகியவை, எண்கள், கிழமைகள், சின்ன வயதில் மனப்பாடம் செய்த தேவாரம், தட்டாமல் வரும். பதினைந்து என்று தனியாக எடுக்க வராதவர் ஒன்றில் ஏறிப் பதினைந்தில் இறங்குகிறார். பேத்தியின் வயதைக்கூட இப்படித்தான் சொல்வார்.

1861-இல் பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்ற நோயாளி எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்று மட்டுமே சொல்வாராம், கோபம் வந்தால் ஒரு வசவு. இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று மருத்துவர் ப்ரோகா கேட்டதற்கு, ஐந்து விரலையும் நான்கு தடவை விரித்து, கூட ஒரு விரல் காட்டினார். 21. சரியான கணக்கு. அவர் விரித்து முடிக்கும்வரை எதிரே ஒருவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அந்தக் கணக்கு நமக்குத் தெரிகிறது.

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவைப் பேச்சு, மொழிக் குறைபாட்டின் கீழ் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது, மனநோய் அதில் வேறு தலைப்பு. தன் பணத்தைத் தானே கையாளும் உரிமையும் 13-ஆம் பிரிவில் இருக்கிறது. கையெழுத்து வராவிட்டால் கைரேகை போதும், இரண்டு சாட்சி, அதில் ஒருவர் வங்கி அதிகாரி என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. எனக்கே இதெல்லாம் அப்புறம் தேடித்தான் தெரிந்தது.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. ஒரு தாளில் தொகையை எழுதிக் காட்டி "இதுவா?" என்று கேளுங்கள், 'ஆமாம்' என்று சொல்லிக்கொண்டே இல்லை என்று தலையாட்டுவார், அதனால் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்த வாரம் மறுபடி வருகிறோம். கரண்ட் பில்லும் மருந்தும் சேர்த்து இந்தத் தடவை இருபத்திரண்டு வரை எண்ண வேண்டியிருக்கும்.