டெல்லியில் கொடுத்த மனுவில் என்ன இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் நெல்லை பதிப்பில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. டெல்லியில் மத்திய அமைச்சர் ஒருவரின் அறை. தாளின் ஒரு முனையை அமைச்சர் பிடித்திருப்பார், மறு முனையை நம் பக்கத்து எம்.பி. பிடித்திருப்பார், இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். கீழே, தொகுதியின் பல்வேறு கோரிக்கைகள் அடங்கிய மனுவை அளித்தார் என்று ஒரு வரி. எந்தக் கட்சிக்காரர் எம்.பி.யாக இருந்தாலும் சரி, படம் மட்டும் மாறியதில்லை. போன வாரம் மளிகைக் கடையில் இதைப் பார்த்துவிட்டு கடைக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தத் தாள்ல என்னதான் எழுதியிருக்கும்?" ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

நான் ஊராட்சி ஒன்றியத்தில் பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியில் நடந்த வேலைகளை நேரில் போய் அளந்து எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறேன். அந்த நிதியைப் பற்றி ஊரில் பேசப்படுவதில் பாதி தவறு. எம்.பி. கையில் ஒரு ரூபாய்கூட வருவதில்லை. இன்ன வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரை மட்டும் செய்வார். மதிப்பீடு போட்டு, அனுமதி கொடுத்து, வேலையை முடித்துக் காட்டுவதெல்லாம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. அந்தப் பணத்தில் நிலம் வாங்க முடியாது, கோயில், மசூதி, மாதா கோயில் எதற்கும் கட்டடம் கட்ட முடியாது. 1993 டிசம்பரில் திட்டம் வந்தபோது அந்த வருஷத்துக்கு ஆளுக்கு 5 லட்சம்தான். அது 1 கோடி, 2 கோடி என்று ஏறி 2011-12லிருந்து வருஷத்துக்கு 5 கோடியாக நிற்கிறது. கொரோனா வந்ததும் இடையில் நிறுத்தியும் வைத்தார்கள்.

ஐந்து கோடி என்றால் பெரிதாகத் தெரியும். திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதிக்குள் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், ஆலங்குளம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம் சொச்சம். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. ஒருவருக்கு வருஷத்துக்கு 3 கோடி. ஆக, ஆறு எம்.எல்.ஏ.க்களிடம் 18 கோடி, அத்தனை பேருக்கும் மேலே ஒரே எம்.பி.யிடம் 5 கோடி! தெருவுக்கு சிமெண்ட் சாலை போடவும் ரேஷன் கடை கட்டவும் எம்.எல்.ஏ. நிதி போதும். எம்.பி.யை நாம் டெல்லிக்கு அனுப்புவது ரயில், தேசிய நெடுஞ்சாலை, மத்திய அரசின் பெரிய திட்டங்கள் ஆகியவற்றில் நம் ஊருக்கு உரியதைக் கேட்டு வாங்கத்தான். அந்த வேலை முழுக்க மனுவிலும் கடிதத்திலும்தான் நடக்கிறது. அதுதான் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

சின்ன நிதியிலேயே கேட்பது ஒருவர், தேவைப்படுவது இன்னொருவருக்கு என்று ஆகிவிடும். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் எம்.பி. நிதியில் பயணியர் நிழற்குடை கட்டினோம். நல்ல கட்டடம், தரையில் கிரானைட், நெற்றியில் எம்.பி.யின் பெயர் ஊர்ப் பெயரைவிடப் பெரிதாக. பஸ் அங்கே நிற்பதில்லை. கொஞ்சம் தள்ளி டீக்கடை வாசலில்தான் டிரைவர் நிறுத்துவார், அங்கேதான் நிழல் தரும் வேப்பமரமும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பல காலமாகக் கேட்டது மேல்நிலைத் தொட்டி. நிழற்குடையைப் பரிந்துரை செய்திருக்கிறார்கள் என்பது அஸ்திவாரம் தோண்டும்போதுதான் அவர்களுக்கே தெரியும். நிழற்குடையில் இப்போது வைக்கோல் அடைந்திருக்கிறது.

இன்றைக்கு இந்த நிதி விஷயத்திலாவது நிலைமை பரவாயில்லை. 2023லிருந்து பரிந்துரை முதல் பட்டுவாடா வரை இணையத்திலேயே போகிறது. பெரிய விஷயங்களுக்குத்தான் எந்தக் கணக்கும் இல்லை.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது பெருமாள்புரம், அதனால் என் வாழ்க்கையில் கணிசமான பகுதி அந்தக் கேட்டுக்கு முன்னால்தான் கழிந்திருக்கிறது. மேம்பாலம் கேட்டு எத்தனை பேர், எத்தனை மனு! இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரயில்வேயில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் வாகனங்களின் அலகால் (வண்டியின் வகையைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு) பெருக்குவார்கள். அது ஒரு லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலத்துக்குத் தகுதி, செலவில் பாதி ரயில்வே, பாதி மாநில அரசு. தண்டவாளத்துக்கு மேலே உள்ள துண்டை ரயில்வே கட்டும். இரண்டு பக்கத்து அணுகுசாலை, நிலம் எடுப்பு எல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறை. அப்படியென்றால் டெல்லியில் ஒரு மனு, சென்னையில் ஒரு மனு என்று இரண்டும் சேர்ந்து நகர வேண்டும். ரயில்வே அமைச்சரிடம் மட்டும் மனு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் அது பாதிப் பாலத்துக்கான மனு. ஒரு கோரிக்கை யார் மேசையில், எதற்காக, எவ்வளவு நாள் கிடந்தது என்று கேட்டில் ஆக்டிவாவை அணைத்துவிட்டு நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நாகர்கோவில் பாதை இரட்டையாகிவிட்டது, இனி ரயில் கூடுமே தவிரக் குறையாது.

என் மருமகன் அமெரிக்காவில் இருக்கிறார். இதைப் பற்றிப் புலம்பியபோது, "மாமா, இங்கே எங்க ஏரியா உறுப்பினர் என்ன கேட்டார்ங்கிறது அவரோட வெப்சைட்லயே இருக்கு" என்று அனுப்பிவைத்தார். உட்கார்ந்து படித்தேன். அங்கே பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தன் பகுதி வேலைகளுக்கு நேரடியாகப் பட்ஜெட்டில் பணம் கேட்கலாம். சமீப வருஷங்களில் ஆளுக்கு 15 வேலைகள் வரை. எந்த ஊராட்சிக்கு அல்லது எந்த அமைப்புக்கு, அதன் முகவரி, எத்தனை டாலர், எதற்காக என்று ஒவ்வொன்றையும் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். இதில் எனக்கோ என் குடும்பத்துக்கோ பண லாபம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்ட கடிதமும் கூடவே. லாபத்துக்கு நடக்கும் கம்பெனிக்குக் கேட்க முடியாது. கழிவுநீர்க் குழாய், தீயணைப்பு நிலையம், பாலம் என்று பார்த்தால் நம் ஒன்றியத்துத் தீர்மானப் புத்தகம் போலவே இருக்கிறது.

அவர்களும் சும்மா திருந்தவில்லை. 2005ல் அலாஸ்காவில் 50 பேர் அளவில் வசிக்கும் ஒரு தீவுக்குப் பாலம் கட்ட 20 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி நாடே சிரித்தது. 2011ல் இந்த முறையையே நிறுத்தினார்கள். 2021ல் திரும்பக் கொண்டுவந்தபோது இந்தக் கட்டுப்பாடுகளோடுதான் கொண்டுவந்தார்கள். செல்வாக்குள்ள உறுப்பினருக்கு அங்கேயும் கூடத்தான் கிடைக்கிறது, அதை மருமகனே சொன்னார்.

நம் எம்.பி.க்கு அப்படிப் பட்ஜெட்டில் வரி சேர்க்கும் உரிமை இல்லை, தெரியும். அவரால் கேட்கத்தான் முடியும். பூஜ்ய நேரத்தில் பேசலாம், மக்களவையின் 377வது விதியில் தொகுதிப் பிரச்சினையை எழுப்பலாம், கேள்வி கேட்கலாம், அமைச்சருக்கு எழுதலாம். சபையில் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை நாடாளுமன்ற இணையதளத்தில் தேடி எடுக்க முடியும், இங்கிலீஷும் பொறுமையும் வேண்டும். அமைச்சருக்குக் கொடுத்த மனுவும் அதற்கு வந்த பதிலும்தான் எங்கேயும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அமைச்சகத்திடம் கேட்கலாம்தான். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் நமக்காக எழுதிய கடிதத்தைப் படிக்க இந்தச் சுற்று எதற்கு? ஒரு திட்டம் ரயில்வே பட்டியலில் இருக்கும், எதிரே ஒதுக்கீடு ஆயிரம் ரூபாய் என்று இருக்கும். அந்த ஆயிரத்தைக் காட்டி 'திட்டம் உயிரோடு இருக்கிறது' என்று மேடையில் கைதட்டு வாங்கியதையும் பார்த்துவிட்டோம்.

அதனால் எம்.பி.யிடம் நான் கேட்பது ஒரே ஒரு பட்டியல். எந்த அமைச்சகத்துக்கு, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, எவ்வளவு கேட்டார். விரிவான திட்ட அறிக்கை தயாரா. மாநில அரசின் பங்குக்குச் சம்மதம் வந்துவிட்டதா. அமைச்சர் என்ன பதில் எழுதினார். முடியாது என்று பதில் வந்திருந்தால் அதையும் அப்படியே போட வேண்டும். வருமானம் போதாது என்று ரயில்வே சொல்லியிருந்தால், எவ்வளவு போதவில்லை என்று கேட்க இங்கே வியாபாரிகள் சங்கம் இருக்கிறது, பயணிகள் சங்கம் இருக்கிறது, கணக்குத் தெரிந்த ஓய்வூதியர்கள் நாங்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம்.

செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தப் படம் வந்தால், மனுவின் நகலைக் கேட்டு வாங்கி அதில் இருப்பதைப் போடுங்கள். இடம் பற்றாது என்றால் படத்தைச் சின்னதாக்குங்கள்.

மத்திய அமைச்சகங்கள் அடுத்த பட்ஜெட்டுக்கான கணக்கை அக்டோபர் வாக்கில் பேச ஆரம்பித்துவிடும். அதற்குள் பட்டியல் தமிழில் வர வேண்டும். எம்.பி. அலுவலக வாசலிலும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகப் பலகையிலும் ஒட்டினால் போதும், இணையதளம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆலங்குளம் 2019லிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களும் இதே எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போட்டார்கள், எனவே தென்காசி ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணி மேற்பார்வையாளர்,
பெருமாள்புரம், திருநெல்வேலி.