2025ஆம் ஆண்டறிக்கை: பந்து பின்னுக்குத்தான்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஜனவரிக் குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும் நம் பந்தலூர் கால்பந்து ரசிகர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக விஷயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். அதைக் கேட்க யாரும் வரவில்லை என்பது எனக்கும் தெரியும். செயற்குழு நான்கு முறை கூடியது. ஐந்தாவது கூட்டத்தன்று சேரம்பாடி சாலையில் யானை நின்றதால் போதிய ஆள் சேரவில்லை. அன்று வராதவர்களுக்கு ஆப்சென்ட் போடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘இதர செலவு’ என்று வரும் இடத்தில் தயவுசெய்து யாரும் சிரிக்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தில் பாதிப் பேர் அர்ஜென்டினா, மீதிப் பேரில் பெரும்பாலோர் பிரேசில். போர்ச்சுகல்காரர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் சத்தம் முழுக்க அவர்களுடையது. நீலகிரியில், கேரள எல்லையோரம் இருக்கும் பந்தலூரில் இது அதிசயமில்லை. இரண்டு மலை தாண்டினால் வயநாடு. 2022இல் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டி கட்அவுட் நட்டார்களே, அந்தக் காற்று இங்கேயும் வீசுகிறது. நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் கூடாது என்பதால் நாம் துணியில் எழுதுகிறோம். மழையில் சாயம் இறங்கி, ஜூன் முடிவதற்குள் பிரேசிலின் மஞ்சளும் அர்ஜென்டினாவின் நீலமும் கலந்து ஒரே பச்சையாகிவிட்டது. அதற்கு யார் பொறுப்பு என்று விசாரிக்கச் சொல்லி வந்த மனு இன்னும் என் மேசையில் இருக்கிறது. செயலாளர் என்ற முறையில் நான் நடுநிலை. தனிப்பட்ட முறையில் நெதர்லாந்து. 1974, 1978, 2010 என மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்ற அணி. அதனால் என்னை யாரும் பொருட்படுத்துவதில்லை. பதவிக்கு இது வசதியாகவே இருக்கிறது.

ஜூன் 8 இரவு ஐரோப்பிய நாடுகள் ஆடும் நேஷன்ஸ் லீக் கால்பந்து இறுதியில் போர்ச்சுகல் ஸ்பெயினைப் பெனால்டியில் வென்றது. ரொனால்டோ அழுதார். நம் போர்ச்சுகல்காரர்கள் அவரைவிட அதிகமாக அழுதார்கள். அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதியில்லை.

அதே மாதம்தான் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல் முறையாக நடந்தது. ஆறு அணிகள், பக்கத்துக்கு ஏழு பேர். கோப்பையைச் சென்னை புல்ஸ் எடுத்தது. ‘சென்னை ஜெயித்தது’ என்று கேட்டதும் நம் ஆட்கள் போனில் அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பந்து முட்டை மாதிரி இருக்கிறது, ஓடுகிறவன் பின்னால் எறிகிறான், எட்டிப் பிடித்துக் கவிழ்த்தாலும் நடுவர் விசில் ஊதுவதில்லை. கபடியா, கால்பந்தா, கோயில் திருவிழாத் தள்ளுமுள்ளா என்று டீக்கடையில் பட்டிமன்றமே நடந்தது.

அப்போது மூலையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நம் மூத்த உறுப்பினர், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றினார். “அது றகர், தம்பி” என்றார். இலங்கையில் ரக்பியை அப்படித்தான் சொல்வார்களாம். தாயகம் திரும்பியோர் என்று சொல்லி இலங்கையிலிருந்து இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. சிறுவயது கண்டியில். அங்கே டிரினிட்டி கல்லூரிக்கும் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் 1945இலிருந்து நடக்கிற பிராட்பி கேடய ரக்பி ஆட்டத்தைச் சுவரில் ஏறி நின்று பார்த்தவராம். கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று, இரண்டு ஆட்டப் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம். இத்தனை வருஷம் நம்மோடு உட்கார்ந்து மெஸ்ஸியா நெய்மாரா என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கவே இல்லையே” என்றார்.

மறுவாரமே பயிற்சி தொடங்கியது. பந்து ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது (இதர செலவு). டாக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துக் கவிழ்ப்பது, பழகக் கொழுந்துச் சாக்கில் கவாத்து வெட்டிய சருகைத் திணித்துத் தைத்தோம். மழையில் நனைந்ததும் அது எங்கள் எல்லோரையும்விடக் கனத்தது. கபடி ஆடியவர்கள் காலைக் கட்டிப் பிடிப்பதில் உடனே தேறிவிட்டார்கள். தோளுக்கு மேலே கை போனால் தவறு என்பதுதான் அவர்களுக்கு ஏறவில்லை. கால்பந்து ஆடியவர்கள் பாடு வேறு. கையில் பந்து வந்ததும் முன்னால் காலியாக நிற்கிற ஆளுக்கு எறிந்துவிடுவார்கள். பெரியவர் குடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிடுவார். “முன்னுக்குப் போகணும்னா நீ ஓடு, இல்லாட்டி காலால உதை. பந்து பின்னுக்குத்தான்.” இதை அவர் எத்தனை முறை சொன்னார் என்ற கணக்கு சங்கத்தில் இல்லை.

உண்மையில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது வாயை மூடுவது. ரக்பியில் நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம். எதிர்த்துப் பேசினால் எதிரணிக்குக் கொடுத்த பெனால்டி பத்து மீட்டர் முன்னால் போய்விடும். ஒரு பயிற்சி ஆட்டத்தில் நம் துணைத்தலைவர் பேசிப் பேசியே, நடுமைதானத்தில் கொடுத்த பெனால்டியைத் தன் கோட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தார்.

ஆகஸ்ட் 15, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, தூறலில் ஆட்டம் வைத்தோம். பாதிக்கு ஏழு நிமிடம், இடையில் இரண்டு நிமிடம். அர்ஜென்டினா ஓர் அணி, பிரேசில் ஓர் அணி என்று இரு தரப்பும் ஜெர்சியோடு வந்து நின்றன. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர்களைச் சீட்டெழுதி ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கிவிட்டார். அதனால் என்ன ஆயிற்றென்றால், போன கோபா அமெரிக்கா கால்பந்துப் போட்டியிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசாமலிருந்த இரண்டு பேர் ஒரே அணியில், ஒரே ஸ்க்ரமில் வந்து விழுந்தார்கள். ஸ்க்ரம் என்றால் இரு அணியும் குனிந்து, தோளோடு தோள் கோத்து, பந்துக்காக முட்டித் தள்ளுவது. ஏழு பேர் ஆட்டத்தில் அதற்குப் பக்கத்துக்கு மூன்று பேர். ஒருவர் ஜெர்சியை மற்றவர் இறுகப் பிடித்தால்தான் நிற்கவே முடியும். மஞ்சள் ஜெர்சியின் அக்குளுக்குள் நீலக்கோடு ஜெர்சியின் தலை. நான் கோட்டருகே நின்றிருந்தேன். “இறுக்கிப் பிடிடா, வழுக்குது” என்று ஒருவர் சொன்னதும், “பிடிச்சுட்டுதான்டா இருக்கேன்” என்று மற்றவர் சொன்னதும் காதில் விழுந்தது. ஓராண்டுக்கு மேல் ஆகி அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் பாதியில் ஆட்டம் நின்றது காயத்தால் அல்ல, அட்டையால். ஸ்க்ரம் கலைந்து எழுந்தபோது ஆறு பேர் கணுக்காலிலும் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவர் விசில் ஊதி உப்புக் கேட்டார். டீக்கடையிலிருந்து உப்பு ஜாடி ஓடிவந்தது. உலக ரக்பி விதிப்புத்தகத்தில் இதற்கு இடமிருக்கிறதா தெரியாது, நம் விதியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் டிரை; அதற்கு ஐந்து புள்ளி, அதன்பின் உதைக்கிற கன்வர்ஷனுக்கு இரண்டு. இரண்டு அணியும் இரண்டிரண்டு டிரை போட்டன. ஓர் அணியின் ஒரே ஒரு உதை மட்டும் மூங்கில் கம்பங்களுக்கு நடுவே போனது. 12-10. ஒருவருக்கு விரல் பிசகியது, வேறு சேதமில்லை. அந்த மூங்கில் கம்பங்களை அடுத்த வாரம் யானை தள்ளிவிட்டுப் போனது தனிக் கதை.

கோப்பை வாங்கப் பணமில்லை. 1878இல் கல்கத்தாவில் ஆள் இல்லாமல் மூடப்பட்ட ரக்பி கிளப் ஒன்று, வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 காசுகளையும் உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. கைப்பிடிகளில் நாகம், மூடியில் யானை. இன்றும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் அதற்காகத்தான் முட்டிக்கொள்கின்றன. நாமும் அப்படிச் செய்யலாமே என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். நம் வங்கி இருப்பை உருக்கினால் ஒரு டம்ளர்கூடத் தேறாது என்று பொருளாளர் கணக்குக் காட்டினார். ஆகவே பரிசு ஒரு நேந்திரன் குலை. தோற்றவர்களும் தின்றார்கள்.

ஆகஸ்ட் 23 அன்று அர்ஜென்டினாவின் ரக்பி அணியான பூமாஸ் பியூனோஸ் அயர்ஸில், ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து அணியை 29-23 என்று வென்றது. சொந்த மண்ணில் ஆல் பிளாக்ஸுக்கு எதிராக அவர்களுக்கு அதுவே முதல் வெற்றி. அதுவரை பூமாஸ் என்றால் செருப்புக் கம்பெனி என்று நினைத்திருந்த நம் அர்ஜென்டினாக்காரர்கள், மறுநாள் காலையிலிருந்து ரக்பியும் தங்கள் பரம்பரைச் சொத்து என்று பேசத் தொடங்கினார்கள். கல்லூரியில் படிக்கும் நம் உறுப்பினர், பிரேசில் கட்சி, ஒரே கேள்வியில் அடக்கினார்: “இப்போ இங்கிலாந்துல நடக்கிற பெண்கள் ரக்பி உலகக் கோப்பையில தென் அமெரிக்காவுல இருந்து யார் ஆடறாங்க, அண்ணா?” பிரேசில்தான். அந்தக் கண்டத்திலிருந்து முதன்முதலாகத் தகுதி பெற்ற பெண்கள் அணி. மூன்று ஆட்டத்திலும் தோற்றதை அந்தப் பெண் சொல்லவில்லை. நானும் அப்போது சொல்லவில்லை.

செப்டம்பர் 10 அதிகாலை நடந்ததைப் பதிவு செய்வது என் கடமை. கால்பந்து உலகக் கோப்பைக்கான தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றின் கடைசி நாள். எல் ஆல்ட்டோவில் பொலிவியாவிடம் பிரேசில் 0-1. மைதானம் 4,000 மீட்டருக்கும் மேலே, மூச்சு விட முடியாது என்று பிரேசில் தரப்பு வாதம் வைத்தது. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால் வாதம் நியாயமானதே. “மலையில பொறந்து வளர்ந்துட்டு மலையைக் குறை சொல்றியா?” என்று எதிர்த்தரப்பு எழுந்தபோது, எக்குவடோரிடம் அர்ஜென்டினாவும் 0-1 என்று போன் சொன்னது. இரண்டு கோலுமே பெனால்டி. கடையில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. அர்ஜென்டினா பட்டியலில் முதலிடம், பிரேசில் ஐந்தாமிடம் என்பதையெல்லாம் அப்புறம்தான் பேசினார்கள். அந்த ஸ்க்ரம் ஜோடி ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தது.

நவம்பரில் அர்ஜென்டினா கால்பந்து அணி கேரளத்துக்கு வருகிறது என்ற செய்தியை நம்பி, கொச்சிக்கு வேன் பேசி முன்பணம் கொடுத்தோம். அணி வரவில்லை. அங்கோலாவுக்குப் போய் 2-0 என்று ஜெயித்துவிட்டுத் திரும்பியது. முன்பணம் திரும்பவில்லை. இதர செலவில் பெரிய தொகை எது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பிரேசில்காரர்களும் வேனுக்குப் பணம் போட்டிருந்தார்கள் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். கூவுவதற்காகத்தான் வருகிறோம் என்றார்கள்.

அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று இந்தியா 2027 ஆசியக் கால்பந்துக் கோப்பைக்குப் போகாமல் நின்றது பற்றி எந்தத் தரப்பும் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை.

2026 ஜூன் 11 கால்பந்து உலகக் கோப்பை தொடக்கம், 48 அணிகள். பிரேசில் பிரிவில் மொராக்கோ, ஸ்காட்லாந்து, ஹெய்ட்டி. அர்ஜென்டினா பிரிவில் அல்ஜீரியா, ஆஸ்திரியா, ஜோர்டான். பெரும்பாலான ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். பலாப்பழம் தேடி யானை வரும் காலம் வேறு. ஆட்டம் பார்த்துவிட்டு இருட்டில் யாரும் தனியாக வீட்டுக்கு நடக்கக் கூடாது, கட்சி பார்க்காமல் கும்பலாகத்தான் போக வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் ரக்பி பந்தை டிசம்பரில் எடுத்துப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. யாரென்று எனக்குத் தெரியும், கூட்டத்தில்தான் இருக்கிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் மைதானத்துக்குக் கொண்டுவரவும். காற்றடித்துக் கொண்டுவந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்