சுமக்கும் குதிரையையும் பதிவேட்டில் எழுதுங்கள்

கோலாலம்பூர் வட்டாரக் குதிரையேற்ற மன்றங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நான் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ், அப்பாவும் சைஸ்தான். உயர்ந்த வம்சத்துப் போட்டிக் குதிரைகளின் உறைய வைத்த கருவை ஐரோப்பாவிலிருந்து வாங்கி இங்கேயே குட்டி எடுக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. செய்யுங்கள், நல்லதுதான்; அந்தக் கருவை வயிற்றில் சுமக்கப்போகும் வாடகைத் தாய்க் குதிரைக்காகத்தான் இந்த வேண்டுகோள். 2020-ல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் தாய்லாந்திலும் அப்புறம் நம் நாட்டிலும் வந்தபோது உயிருள்ள குதிரையை எல்லை தாண்டிக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய சிக்கல் என்று எல்லாரும் பார்த்தோம்.

இந்தத் தொழில்நுட்பம் என்னை உண்மையிலேயே வியக்க வைக்கிறது. பெட்டைக் குதிரைக்குச் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் வெளிவரும். அதனால் முன்பெல்லாம் சினைப்படுத்தி, ஏழெட்டு நாளில் கருப்பையைக் கழுவிக் கருவை எடுத்து வேறொரு குதிரைக்கு மாற்றுவார்கள். இப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் சினைப்பையிலிருந்து பல முட்டைகளை ஒரே தடவையில் உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவைச் செலுத்துகிறார்கள். இதுதான் இக்ஸி. உறைவிந்துக் குழாயில் ஒரு சின்னத் துண்டு போதும் என்பதால், செத்துப்போன ஆண் குதிரையின் கடைசிக் கையிருப்பைக்கூட வருடக்கணக்கில் நீட்டிக்கலாம். முட்டை தரும் தாயும் சினையாகாமல் போட்டியில் ஓடிக்கொண்டிருக்கலாம். குளோனிங்கும் வந்துவிட்டது: 2003-ல் இத்தாலியில் முதல் குளோன் குதிரை பிறந்தது, 2012-ல் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் குளோன்களைப் போட்டியில் அனுமதித்தது.

எந்த முறையாக இருந்தாலும் ஏதோ ஒரு பெட்டைக் குதிரை பதினோரு மாதம் வயிற்றில் சுமந்தே ஆகவேண்டும். நான் எழுதுவது அவளுக்காக.

வம்சாவளியில் அவள் பெயர் வராது. ஆனால் குட்டி எந்த அளவுக்கு வளர்ந்து பிறக்கும் என்பதை அவளுடைய கருப்பையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குதிரைக்குட்டிக்குப் போகாது. பிறந்த முதல் நாளுக்குள், அதுவும் முதல் சில மணி நேரத்தில், குடிக்கிற சீம்பாலில்தான் கிடைக்கிறது. அந்தச் சீம்பால் சுமந்தவளுடையது. அவளுக்குத் தடுப்பூசி தவறினால் லட்சக்கணக்கில் செலவழித்த குட்டிக்குப் பாதுகாப்பு குறைந்துபோகும். அப்படியிருந்தும் சுமக்கும் குதிரை என்றதும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள்! சுங்கை பீசி பந்தயத் திடலில் ஓடி முடித்த தோரோபிரெட் என்ற பந்தய இனப் பெட்டைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும், சரி, ஆனால் கருப்பையைச் சோதிக்காமல், உடல் அளவு பொருந்துகிறதா என்று பார்க்காமல் கருவை வைக்காதீர்கள்.

நான் கேட்பது இவைதான். குட்டியின் ஆவணத்தில் சுமந்தவளின் மைக்ரோசிப் எண்ணையும் எழுதுங்கள். குட்டி பால் மறந்த பிறகு அவளை யார் வைத்துக் காப்பாற்றுவது என்று கருவை வைப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். முட்டை எடுக்கும் ஊசியால் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று எல்லாம் வர வாய்ப்புண்டு, அதனால் ஒரு குதிரைக்கு எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளி என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும், உரிமையாளரின் அவசரம் முடிவு செய்யக் கூடாது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுங்கள். இரண்டு சைஸ்களையாவது கூப்பிடுங்கள். குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும், அந்த நேரத்தில் லாயத்தில் இருப்பது நாங்கள்தான்.